ராணுவக் கல்லறைத்தோட்டத்தில் உங்கள் வீட்டார் இருந்தால், கல் சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள்

அமெரிக்காவில் தேசிய ராணுவக் கல்லறைத்தோட்டம் எதிலாவது உங்கள் உறவினரை அடக்கம் செய்திருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

என் மாமனார் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். மனைவிக்கும் அதே குழியில் இடம் உண்டு என்பதால், மாமியாரின் அஸ்திக் கலசத்தோடு போயிருந்தோம். தோண்டுவதற்குக் குறித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்ததுமே என் கணவருக்கு உறுத்தியது. அப்பாவை அடக்கம் செய்த அன்று எடுத்த படத்தைப் போனில் தேடி எடுத்தார். படத்தில், மழைநீர் வடிகால் மூடியை ஒட்டிய குழி அவருடையது. இப்போது அங்கே வேறொருவரின் கல் நிற்கிறது. மாமனாரின் கல் அதற்கு அடுத்து.

அலுவலகத்தில் இருந்தவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "எங்கள் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். சரி, கோப்பையாவது காட்டுங்கள் என்றால், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். அப்புறம் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கலசம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் தலையிட்ட பிறகுதான் வரைபடத்தோடு வந்து அளந்தார்கள். சாய்ந்த கற்களைப் பிடுங்கி நேராக நட வந்த ஒப்பந்ததாரர், வரிசையையே ஒரு குழி தள்ளி நட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேலை முடிந்ததும் யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை.

இது முன்பே நடந்த கூத்து என்று தெரிந்தபோதுதான் வயிறு எரிந்தது. டெக்சாஸில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் கல்லறைத்தோட்டத்தில் இதே மாதிரி கற்கள் இடம் மாறி நின்றது 2011-இல் வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருடம், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத்தோட்டத்தில், வரைபடத்துக்கும் கல்லுக்கும் பொருந்தாத 211 இடங்களை ராணுவத்தின் விசாரணையே கண்டுபிடித்தது. கணினிமயமாக்கக் கோடிக்கணக்கில் செலவழித்தும் பதிவுகள் காகித அட்டைகளில்தான் கிடந்தன. கண்காணிப்பாளரும் துணைக் கண்காணிப்பாளரும் பதவியை விட்டுப் போனார்கள். பிறகு சிப்பாய்களை அனுப்பி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைப் படமெடுத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்த அக்கறை எல்லா இடத்திலும் வேண்டாமா? நாட்டுக்காகப் போருக்குப் போனவரின் குழி எது என்று சொல்லத் தெரியாத நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்லின் பின்பக்கத்தில் பிரிவு எண்ணும் குழி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படமெடுக்கும்போது மரம், பாதை, வடிகால் என்று இடம் மாறாத ஏதாவது ஒன்று படத்தில் விழட்டும். சீரமைப்பு வேலை நடந்ததாகக் கேள்விப்பட்டால் உடனே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள், வரைபட நகலைக் கேளுங்கள்.

மாமனாரின் கல்லை இப்போது சரியான இடத்தில் நட்டுவிட்டார்கள், மாமியாரையும் அங்கேயே வைத்தாயிற்று. அந்த வரிசையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.