அரை விநாடி மிச்சம் வேண்டும்: காட்சி மாற்றத்தில் நான்கு மென்பொருள்கள்

சித்திரைத் திருவிழாவில் எங்கள் வீட்டார் எடுத்த காட்சித் துண்டுகள் மொத்தம் 24. மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் மூன்றுமாவடி எதிர்சேவையில் சித்தப்பா மகன் கைபேசியில் எடுத்தவை பாதி; விடியற்காலையில் வைகைக் கரையில் நான் கேமராவில் எடுத்தவை மீதி. இவற்றை வரிசையாகக் கோத்து, கீழே அழகர் வர்ணிப்புப் பாட்டை ஓடவிட்டு, தங்கக்குதிரை தண்ணீரைத் தொடும்போது வர்ணிப்பும் அந்த இடத்துக்கு வரும்படி அளந்து வைத்திருந்தேன். அதன்பிறகு, ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி எழும்படி ஒவ்வொரு இடைவெட்டிலும் ஒரு விநாடி டிசால்வ் போட்டேன். குதிரை வருவது 18-ஆவது துண்டு. அதற்கு முன்னால் 17 டிசால்வ். வர்ணிப்பு ஆற்றங்கரையை எட்டுவதற்கு 17 விநாடி முன்பே அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார்.

கோளாறு மென்பொருளில் இல்லை. அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை நான் தெரிந்துகொள்ளாமல் இறங்கியதுதான் காரணம். மதுரைக் கல்யாண ஸ்டுடியோக்களில் மிக்சிங் என்று சொல்லும் இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு வரும் டிசால்வ் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: அந்த ஒரு விநாடி எங்கிருந்து வருகிறது? காசு கொடுக்காமல் கிடைக்கும் நான்கு மென்பொருள்களை இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன். ஷாட்கட், ஓபன்ஷாட் ஒரு பக்கம். கேடன்லைவ், டாவின்சி ரிசால்வ் மறுபக்கம். ஷாட்கட்டும் கேடன்லைவும் எம்.எல்.டி. என்ற ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன.

ஷாட்கட்டில் டிசால்வ் என்று தனியாக ஒன்றை எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. இரண்டாவது துண்டைப் பிடித்து முதல் துண்டின் வால்மீது ஏற்றினால் போதும். ஏறிய பகுதியே டிசால்வ் ஆகிவிடும். கரையும் விதத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பகுதியைச் சொடுக்கி அதன் பண்புகளில் மாற்றலாம். கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும் முறை இது. வெட்டி ஒதுக்கிய மிச்ச ஃபிரேம் (காட்சியின் ஒற்றைப் படம்) ஒன்றுகூட இல்லாத துண்டுக்கும் டிசால்வ் கிடைக்கும். ஆனால் அதற்குரிய விலை உண்டு: ஏறிய அளவுக்குப் படத்தின் மொத்த நீளம் குறையும். 24 துண்டுகளுக்கு 23 டிசால்வ் என்றால் 23 விநாடி போய்விடும்.

இங்கே ரிப்பிள் என்ற பொத்தானைக் கவனிக்காமல் விடக்கூடாது. அது அணைந்திருந்தால், ஒரு துண்டை இடப்பக்கம் ஏற்றும்போது அதன் வலப்பக்கத்தில் காலி இடம் விழும். ஓட்டிப் பார்க்கும்போது திரை கண நேரம் கறுத்துப் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். ரிப்பிள் எரிந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் சேர்ந்து நகரும், கறுப்பு வராது. எல்லா டிராக்குக்குமான ரிப்பிள் என்று இன்னொன்றும் இருக்கிறது; டிராக் என்பது படமோ ஒலியோ ஓடும் ஒரு வரிசை. பின்னணிப் பாட்டைக் கீழே பரப்பி வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. மேலே படத்தை நகர்த்த, கீழே பாட்டின் இடமும் பாதிக்கப்படும். டிசால்வை எல்லாம் முதலில் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் பாட்டை இறக்குவதுதான் ஷாட்கட்டுக்கு ஏற்ற வரிசை. நான் செய்தது நேர் எதிர்.

ஓபன்ஷாட்டும் இதே குலம்தான். ஒரே டிராக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் டிசால்வ் தானாக விழும். ஒரு வித்தியாசம், அங்கே டிசால்வ் தனிக் கட்டமாக டைம்லைனில் நிற்கிறது. துண்டை நகர்த்திவிட்டுக் கட்டத்தை அங்கேயே விட்டுவிட்டால் இரண்டும் பொருந்தாமல் போகும். கட்டம், ஏறிய பகுதியைவிட நீண்டு நின்றால் படம் கறுப்பில் மங்கி மீளும். வர வேண்டிய காட்சி திடீரென்று குதித்து வந்து, பிறகு கரைந்து மறைந்தால் கட்டத்தின் திசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். வலச்சொடுக்கில் திசையைத் திருப்பிவிடலாம். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இதன் திரை எளிதாகத் தெரியும். இருபது துண்டுகளைத் தாண்டினால் நான் ஷாட்கட்டையே எடுப்பேன்.

மறுபக்கத்துக்கு வருவோம். கேடன்லைவிலும் ரிசால்விலும் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும். டிசால்வை வெட்டின்மேல் வைக்கிறோம். துண்டில் நாம் வெட்டி ஒதுக்கிய பகுதியிலிருந்து மென்பொருள் ஃபிரேம்களை எடுத்துக்கொள்கிறது. படத்தின் நீளம் குறைவதில்லை, பாட்டும் தவறுவதில்லை. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், வெட்டின் நடுவில் வைக்கும் ஒரு விநாடி டிசால்வுக்கு முந்தைய துண்டின் வாலில் பன்னிரண்டு பதின்மூன்று ஃபிரேம், பிந்தைய துண்டின் தலையில் அதே அளவு, வெட்டுக்கு வெளியே மிச்சம் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்ததை ஒரு ஃபிரேம்கூட வெட்டாமல் அப்படியே கோத்தால் மிச்சத்துக்கு எங்கே போவது? ‘டிசால்வ் விழமாட்டேன் என்கிறது’ என்று நண்பர்கள் சொல்லும் புகாரில் நான் பார்த்தவரை பாதிக்குமேல் இதுதான். புகைப்படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம்.

மிச்சம் இல்லாதபோது இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. கேடன்லைவ், போதிய ஃபிரேம் இல்லை என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும். ரிசால்வ் கேட்கும்: துண்டுகளைக் குறைத்துக்கொள்ளட்டுமா, அல்லது இந்த இடத்தை விட்டுவிடட்டுமா? அவசரத்தில் குறைத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லி நான் இழக்கப் பார்த்தது எங்கள் அப்பத்தாவின் குரலை.

அந்தத் துண்டு 9 விநாடி. சர்க்கரை நிரம்பிய செம்பைக் கையில் ஏந்தி அப்பத்தா நிற்கிறார், மேலே சூடம் எரிகிறது. பக்கத்தில் துருத்தியிலிருந்து பீய்ச்சிய நீர் அவர் தோளில் தெறிக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘வந்துட்டியா பெருமாளே’ என்கிறார். ‘பெருமாளே’ முடிந்த கணமே சித்தப்பா மகன் பதிவை நிறுத்திவிட்டான். வாலில் மிச்சம் என்று எதுவும் இல்லை. துண்டை அரை விநாடி குறைத்தால் போவது அந்தச் சொல்தான். ஷாட்கட்டில் ஏற்றினாலும் அடுத்த துண்டின் மேளச் சத்தம் அதே சொல்லின்மேல் ஏறி அமுக்கிவிடுகிறது.

ரிசால்வில் இதற்கு அழகான வழி இருக்கிறது. டிசால்வை வெட்டின் நடுவில் வைக்காமல், வெட்டோடு முடியும்படி வைக்கலாம். அப்போது முந்தைய துண்டின் வாலில் மிச்சம் தேவையில்லை. பிந்தைய துண்டின் தலையில் மட்டும் ஒரு விநாடி இருந்தால் போதும். என் கேமராத் துண்டில் அது தாராளமாக இருந்தது. படத்துக்கு மட்டும் டிசால்வ் போட்டு ஒலியை வெட்டாகவே விடும் வசதியும் உண்டு. படம் கரைந்துகொண்டிருக்க, அந்தச் சொல் முழுதாக ஒலித்து முடிந்த பிறகே மேளம் தொடங்கும். ஷாட்கட்டில் இதே பலனைப் பெற, அப்பத்தா துண்டின் ஒலியைப் பிரித்துத் தனி டிராக்கில் இறக்கிவிட்டு, பிறகு அடுத்த துண்டை ஏற்ற வேண்டும். அதில் அவர் குரல் கேட்கும், ஆனால் மேளமும் மெல்ல எழுந்து கூட வரும். இரண்டையும் செய்து கேட்டேன். எனக்கு முதலாவதே பிடித்தது.

கேடன்லைவைப் பற்றி ஒரு சொல். இதற்கான பழைய பாடங்களில் துண்டுகளை இரண்டு டிராக்குகளில் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் வந்த 20.12 பதிப்பிலிருந்து ஒரே டிராக்கில் நேராகப் போடலாம். பழைய பாடத்தைப் பார்த்துப் புதிய பதிப்பில் தடுமாறுகிறவர்கள் அடுக்குவதை விட்டுவிடலாம்.

சரி, டிசால்வ் ஓடும்போது மட்டும் படம் திக்கித் திக்கிப் போகிறதே? அது பெரும்பாலும் பிழையே அல்ல. அந்த ஒரு விநாடியில் கணினி இரண்டு காட்சிகளை ஒரே நேரத்தில் பிரித்துக் கலக்க வேண்டியிருக்கிறது. பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். ஷாட்கட்டில் முன்னோட்டத்தின் அளவை 360-க்குக் குறைக்கலாம், கேடன்லைவிலும் ரிசால்விலும் பிராக்சி என்ற சிறு நகலை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். எழுதி முடித்த கோப்பில் திக்கல் இராது. எழுதிய கோப்பிலும் திக்கினால் கைபேசித் துண்டைச் சந்தேகியுங்கள். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. அத்தகைய துண்டைத் திறந்ததும் ஷாட்கட் தானாகவே, வெட்டுவதற்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுவது நல்லது; கோப்பு பெரிதாகும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசால்வுக்கு வலுவான கணினி வேண்டும். 16 ஜிபி நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் இல்லாத வீட்டில் அதை ஏற்றச் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில், பாட்டுக்கு ஏற்ப வெட்ட வேண்டியிருந்தால் கேடன்லைவ். காதுகுத்து, பிறந்தநாள் போலக் காட்சிகளைக் கோத்துக் கடைசியில் பாட்டு இறக்குவதென்றால் ஷாட்கட். எங்கள் வீட்டில் வலுவான கணினி இருந்ததால் சித்திரைப் படத்தை ரிசால்வில் முதலிலிருந்து மறுபடி கோத்தேன். குதிரையும் வர்ணிப்பும் இப்போது ஒரே இடத்தில் சேர்கின்றன. சித்தப்பா மகனிடம், அடுத்த ஆண்டு யார் பேசினாலும் பேசி முடித்த பிறகு ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்து என்று சொல்லியிருக்கிறேன்.