ஈராக் போரில் செத்தவர்களை எண்ணுவது: பட்டியலா, வீட்டுக் கணக்கெடுப்பா?

2003-ல் அமெரிக்கக் கூட்டுப்படை ஈராக்குக்குள் நுழைந்த பிறகு மாண்டவர்களை எண்ண இரண்டு வழிகள் கையாளப்பட்டன.

ஒன்று, ஈராக் பாடி கவுண்ட் அமைப்பின் பட்டியல். செய்திகள், மருத்துவமனை, பிணவறைப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, தேதி, இடம், முடிந்தால் பெயரோடு ஒவ்வொரு சம்பவமாகக் குறித்து வைக்கிறார்கள். இந்தச் சாவு நடக்கவே இல்லை என்று ராணுவம் லேசில் கைகழுவ முடியாது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஆனால் செய்தியாளர் போக முடியாத ஊரில் குண்டு விழுந்து யாருமே எழுதாமல் விட்டால், அந்தக் குடும்பம் கணக்கிலேயே வராது.

இன்னொன்று வீடு வீடாகப் போய்க் கேட்பது. யாரும் எழுதாத சாவும் இதில் சிக்கும், ஆனால் கேட்கும் வீடுகள் குறைந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். லான்செட் என்ற மருத்துவ இதழ் 2006-ல் வெளியிட்ட ஆய்வு 1,849 வீடுகளை வைத்து, நோயால் வந்ததையும் சேர்த்து, சுமார் 6,55,000 கூடுதல் சாவுகள், அதாவது போருக்கு முந்தைய சாவு விகிதமே தொடர்ந்திருந்தால் வந்திருக்காத சாவுகள், என்றது. அதில் 6,00,000 அளவுக்கு வன்முறைச் சாவுகள். கிட்டத்தட்ட அதே காலத்துக்கு ஈராக் அரசும் உலக சுகாதார அமைப்பும் 9,345 வீடுகளில் கேட்டபோது வன்முறைச் சாவுகள் சுமார் 1,51,000 என்று வந்தது. எவ்வளவு பெரிய இடைவெளி! அப்புறம், இந்த இரண்டு எண்ணிக்கையிலும் ஆயுதம் ஏந்தியவர், ஏந்தாதவர் என்ற பிரிவும் இல்லை.

அழிவின் அளவு தெரிய வேண்டுமா, நான் அந்த 9,345 வீட்டுக் கணக்கைத்தான் எடுப்பேன். யார் கொன்றது, யாருக்கு இழப்பீடு என்று கேட்க வேண்டுமென்றால், குறைவாகவே காட்டினாலும் பட்டியல்தான் வேண்டும்.