பைத்தான் நூலகங்கள்: பொது நிறுவலா, மெய்நிகர்ச் சூழலா?

பைத்தான் நிரல்மொழிக்காகப் பிறர் எழுதிவைத்த நிரல்தொகுப்புகளே நூலகங்கள். அவற்றைக் கணினி முழுவதற்கும் பொதுவாக நிறுவுவதா, திட்டத்துக்கொரு தனிக் கோப்புறையில், அதாவது மெய்நிகர்ச் சூழலில், நிறுவுவதா? சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

எளிமை: பொது நிறுவலுக்கு ஒரே கட்டளை போதும், சூழலையோ முதலில் உருவாக்கிப் பிறகு இயக்க வேண்டும்.

இடம்: பொதுவில் ஒரே பிரதி; சூழலில் திட்டத்துக்கொரு பிரதி.

உறுதி: ஒரு திட்டம் ஜாங்கோ என்ற இணையதள நூலகத்தின் பதிப்பு 3ஐயும் மற்றொன்று பதிப்பு 5ஐயும் கேட்டால், பொது இடத்தில் இரண்டும் ஒருசேர இருக்க இயலாது. மேலும், லினக்ஸில் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் பைத்தானையே நம்பியிருப்பதால், பொது இடத்தில் ஒரு நூலகத்தை மாற்றுவது அவற்றையும் முடக்கக்கூடும். 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியான பொது நிறுவலை இயல்பாகவே மறுப்பது இதனால்தான். சூழல் பழுதானாலோ, அந்தக் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

சொந்த விண்டோஸ் கணினியில் ஓரிரு சிறு நிரல்களை எழுதிப் பழகுவோருக்குப் பொது நிறுவல் போதும். குழுவாகச் செய்யும் ஒப்படைப்புக்கு மெய்நிகர்ச் சூழலையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.