ஆர்க்கிமிடீஸ் திருகா, டெசிபியஸ் பம்பா?

பழங்காலத்துத் தண்ணீர் இறைக்கும் எந்திரம் ஒன்றை வீட்டிலேயே செய்து, பள்ளிக் கண்காட்சியில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்றாள் மகள். சாய்ந்த தண்டைச் சுற்றினால் சுருள் வழியே தண்ணீரை மேலே ஏற்றும் ஆர்க்கிமிடீஸ் திருகு, உருளைக்குள் தண்ணீரை இழுத்துத் தள்ளும் டெசிபியஸ் பம்ப், இரண்டையும் செய்து பார்த்தேன். கடைசியில் திருகைத்தான் கொடுத்தனுப்பினேன்.

முதலில் பம்ப். டெசிபியஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்தவர். அவருடைய பம்பில் இரண்டு உருளைகள். ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளும், அதனால் தண்ணீர் விடாமல் வரும். இரண்டு பெரிய சிரிஞ்ச், ஒரு டி-இணைப்பு, தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்கு வால்வுகள் இருந்தால் போதும். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது பிள்ளைகள் ஆர்ப்பரிப்பார்கள். திருகில் அந்த வேகம் வராது.

ஆனால் வால்வுதான் பாடாய்ப் படுத்தியது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். முதல் நாள் ஜோராக வேலை செய்தது. மூன்றாம் நாள் ஒரு மணல் துகள் மாட்டிக்கொள்ள, ஏறிய தண்ணீரெல்லாம் திரும்ப இறங்கிவிட்டது. பிரித்துக் கழுவி மாட்டினேன். அப்புறம் சிரிஞ்ச் ரப்பர் இறுகியது. தேங்காய் எண்ணெய் தடவினேன். ரப்பர் ஊதிப்போய் இன்னும் மோசமானது. பித்தளையில் கடைந்த வால்வு போட்டால் நிலைமை மாறலாம், நான் போட்டதில்லை.

திருகில் அடைத்துப் பிடிக்க வேண்டிய இடமே கிடையாது. மூன்றடி பிவிசி பைப்பின் மேல், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுற்றி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினேன். கீழ் முனையில் சுழல ஓர் ஆணி, மேலே ஒரு கைப்பிடி. மணலோ தூசியோ உள்ளே போனால் தண்ணீரோடு மேலே வந்து விழுந்துவிடும். இன்றும் பல கழிவுநீர் நிலையங்களில் திருகு பம்புகள் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டியூபின் வாய் முழுக்க மூழ்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் அது பாதி நேரம் தண்ணீரையும் பாதி நேரம் காற்றையும் எடுக்க வேண்டும். இது புரிவதற்குள் எனக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டது. அடுத்தது சாய்வு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 5 பங்கு நீளத்துக்கு 3 பங்கு உயரம் என்கிறார், அதாவது சுமார் 37 டிகிரி. நான் முதலில் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தியதில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவர் கணக்குக்குச் சாய்த்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மடக்கு விழுந்தது. ஒன்றரை அடி உயரம் ஏறுகிறது. இதைவிட நீளமாகச் செய்ததில்லை, நடுவில் பைப் தொய்யுமோ என்று தோன்றுகிறது.

ஸ்பெயினின் சோட்டியல் கொரொனாடா சுரங்கத்தில் ரோமர்கள் இரண்டையுமே வைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த வெண்கல பம்ப் மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு கச்சிதமாக வார்க்க முடிந்தவர்களுக்குப் பம்ப் சரி. சிரிஞ்சும் சைக்கிள் டியூபும் வைத்திருப்பவர்கள் திருகுக்கே போகலாம். எங்களுடையது ஏழு மாதமாக மொட்டை மாடியில் கிடக்கிறது. டியூப் மஞ்சளித்துவிட்டது, போன வாரம் சுற்றிப் பார்த்தபோதும் தண்ணீர் ஏறியது.