எந்தக் கள்ளி கேக்டஸ்?

சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி. பெயரைக் கேட்டால் அக்கா தங்கை என்று தோன்றும். தாவரவியல் கணக்கில் முதலாவது கேக்டேசி குடும்பம்; இரண்டாவது ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த யுபோர்பியேசி. குடும்பத்துக்கு மேலே ‘வரிசை’ என்ற படியிலும் இரண்டும் வேறு வேறு. சதுரக்கள்ளியைவிடப் பீட்ரூட்தான் சப்பாத்திக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தம்! சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் பீட்டாலைன் என்ற ஒரே வகை நிறமிதான்.

அப்புறம் ஏன் இந்த ஒற்றுமை? வறட்சி. நீரைத் தண்டில் சேர்த்து, இலையைக் குறைத்து, முள்ளால் காத்துக்கொள்ளும் வழிக்கு இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்தன.

கீறிப் பார்த்துப் பால் வந்தால் யுபோர்பியா என்பார்கள்; குடும்பத்துக்குக் கீழே ‘பேரினம்’ என்ற படியில் சதுரக்கள்ளியின் பெயர் அது. எனக்கு அந்தச் சோதனை பிடிக்காது. மாமிலேரியா கேக்டஸ் சிலவற்றிலும் பால் உண்டு. யுபோர்பியா பால் கண்ணில் பட்டால் பெரும் அவஸ்தை. முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் அங்கே பஞ்சு போன்ற சிறு திட்டு இருக்கும், ஏரியோல் என்று பெயர். அது உண்மையில் சுருங்கிப்போன ஒரு கிளை. முள், பூ, புதுக்கிளை எல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் புறப்படும். சதுரக்கள்ளியில் அந்தத் திட்டு கிடையாது, முள் ஜோடியாக வரும். பெரெஸ்கியாவில் சாதாரணச் செடி போல இலைகள் இருந்தும் அது கேக்டஸ்தான், ஏரியோல் காட்டிக்கொடுத்துவிடும்.

பூவிலும் குழப்பமில்லை. கேக்டஸ் பூவில் இதழ்களும் மகரந்தத் தாள்களும் ஏராளம். யுபோர்பியாவில் பூ போலத் தெரிவது ஒரு சிறு கிண்ணம். நடுவே ஒரு பெண்பூ, சுற்றிலும் ஒற்றைத் தாள் கொண்ட ஆண்பூக்கள்.

வகைப்பாட்டின் கதைதான் சுவாரசியம். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தமக்குத் தெரிந்த கேக்டஸ்களை எல்லாம் ஒரே பேரினத்தில் போட்டார். இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களாக உடைந்துவிட்டது. எங்கே பிரிப்பது என்ற சண்டை ஓயவில்லை. யுபோர்பியாவோ எதிர்த்திசையில் போனது. மோனடீனியம், பெடிலாந்தஸ் போன்ற பேரினங்களையும் விழுங்கி, ஒரே பேரினத்தில் சுமார் 2,000 இனங்கள். எல்லாவற்றிலும் அந்தக் கிண்ணம் இருப்பதால் சேர்ப்பது எளிது.

பிறப்பிடமும் நல்ல துப்பு. கேக்டஸ்கள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. மரத்தில் தொங்கும் மெல்லிய பச்சைக் கயிறு அது. பெரும்பாலும் முள்ளே இருக்காது.