கொத்தமல்லி தழை: இதுல சோப்பு வாடை தெரியுறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

பச்சை கொத்தமல்லி தழைக்கு நான் குடுக்குறது 5க்கு 1 ஸ்டார் தான். நிறைய பேர் இதுக்கு கண்ண மூடிக்கிட்டு 5 ஸ்டார் குடுப்பாங்கன்னு தெரியும், தப்பே இல்ல, அவங்களுக்கு அது உண்மையாவே மணக்குது. ஆனா எனக்கும் என்ன மாதிரி ஆளுங்களுக்கும் இது வேற பொருள், அதையும் ஒருத்தர் எழுதி வைக்கணும்ல.

ஒரே ஒரு இலை போதும். சூப்புல மேல மிதக்கும்ல, அது ஸ்பூனோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு வாய்க்குள்ள போயிடும், கடிச்ச அடுத்த நொடி சோப்பு நுரைய வாயில ஊத்துன மாதிரி இருக்கும், அந்த வாடை தொண்டைக்கு மேல ஏறி மூக்குக்கு பின்னாடி போய் உக்காந்துக்கும், அப்புறம் அந்த கிண்ணத்துல வேற எந்த ருசியும் தெரியாது. தண்ணி குடிச்சாலும் உடனே போகாது. தண்டையும் சேத்து பொடிசா நறுக்கி போட்டுட்டா இன்னும் கஷ்டம், பொறுக்கி ஒதுக்கவும் முடியாது. மூக்க பொத்திக்கிட்டு மென்னா அந்த சோப்பு ரொம்பவே அடங்கிடும், ஏன்னா இது நாக்கோட வேலைய விட மூக்கோட வேலை தான்.

காரணம் அந்த இலையோட எண்ணெய்ல இருக்குற ஆல்டிஹைடுங்குற வேதிப்பொருளுங்க, டெக்கனால், டெசினால் மாதிரி. இதே குடும்பத்து பொருளுங்க சோப்புலயும் வரும், சில பூச்சிங்கள நசுக்குனா ஒரு நாத்தம் வரும்ல, அதுலயும் இருக்கு. 2012ல மரபணு பரிசோதனை பண்ற 23அண்ட்மி கம்பெனி பண்ண ஆய்வுல ஓஆர்6ஏ2ன்னு வாசனைய உணர உதவுற ஒரு ஜீன் பக்கத்துல இருக்குற மாறுபாட்டுக்கும் இந்த சோப்பு ருசிக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, ஆனா ஜீனோட பங்கு சின்னது தான்னும் அதுலயே சொல்லிட்டாங்க, பழக்கமும் சேந்து தான் முடிவு பண்ணுது. அதே வருஷம் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வுல எந்த வம்சாவளிங்குறத பொறுத்து 3%ல இருந்து 21% வரைக்கும் பேருக்கு இது பிடிக்கலன்னு வந்துச்சு. இவ்வளவு பேர் இருக்கும்போது "சும்மா வீம்புக்கு சொல்ற, சாப்டு பழகு"ன்னு சொல்றது நியாயமே இல்லங்க. எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற பேச்சு இது தான்.

சரி, பச்சையா தூவுனதுக்கு தான் 1 ஸ்டார். அரைச்சதுக்கு 3 குடுப்பேன். இலைய நல்லா நசுக்கி அரைக்கும்போது அதுல இருக்குற என்சைம் அந்த ஆல்டிஹைட உடைச்சுடும், அதனால அரைச்சு கொஞ்ச நேரம் விட்டு சாப்ட்டா எனக்கு ஓரளவு இறங்குது, வேற வாசனையுள்ள சாமான் கூட சேந்தா இன்னும் பரவால்ல. ரொம்ப நேரம் கொதிச்சாலும் வாடை பறந்துடும், ஆனா எல்லாரும் அடுப்ப அணைச்சப்புறம் கடைசில தானே தூவுறாங்க. காய வெச்ச தழை டப்பால விக்கிறாங்க, அதுல வாசனையே பெருசா இல்ல, தொந்தரவும் இல்ல பிரயோஜனமும் இல்ல, 2 போதும்.

விதைக்கு மட்டும் தாராளமா 5. ஒரே செடி தான், ஆனா காஞ்ச விதைல லினலூல்ங்குற பொருள் தான் அதிகம், அதுக்கு பூவும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு மணம். வறுக்கும்போது வர்ற வாசனை எனக்கு உயிர். தழை பிடிக்கலன்னு சொன்னதும் மல்லிப்பொடியையும் சேத்து ஒதுக்கி வெக்காதீங்க ப்ளீஸ்.

ஹோட்டல் விஷயத்துக்கு வர்றேன். ஒரு எடத்துல ஆர்டர் பண்ணும்போதே தழை வேணாம்னு சொல்லியும் மேல அள்ளி போட்டு கொண்டு வந்தாங்க, கேட்டா இலைய மட்டும் எடுத்துட்டு அதே கிண்ணத்த திருப்பி வெச்சுட்டாங்க. இலைய எடுத்தா போதாதுங்க, நறுக்குன இலைல இருந்து எண்ணெய் அதுக்குள்ள சூப்புல எறங்கியிருக்கும். அதுக்காக அலர்ஜின்னு பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்ல, நெஜமாவே அலர்ஜி இருக்குறவங்க சொல்றப்போ யாரும் நம்ப மாட்டாங்க. சமைக்கிறவங்க தழைய தனியா ஒரு சின்ன கிண்ணத்துல வெச்சு குடுத்தா போதும், வேணுங்குறவங்க போட்டுக்குவாங்க.

பதிலுக்கு என்ன வாங்கலாம்னு கேட்டா பச்சை நிறத்துக்கு பார்ஸ்லி நல்லா இருக்கு, சோப்பு வாடை சுத்தமா இல்ல. ரெண்டும் ஒரே குடும்பம், தூரத்துல பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், அதனால ஒரு இலைய விரல்ல கசக்கி மோந்து பாத்துட்டு வாங்குங்க. புத்துணர்ச்சி வேணும்னா புதினா. குலான்ட்ரோன்னு ரம்பம் மாதிரி விளிம்போட நீளமா ஒரு இலை கெடைக்கும், அது வேற செடி தானேன்னு நம்பி வாங்கிடாதீங்க, அதுலயும் இதே வகை ஆல்டிஹைடு இருக்கு, அதுவும் நல்லா தூக்கலா.