ரூட் கெனால் கழுவுற மருந்தை ஆன்லைன்ல வாங்குற டாக்டர்ஸ் உஷார், எனக்கு 8,640 ரூபா போச்சு

சின்ன கிளினிக் வெச்சிருக்குற பல் டாக்டர்ஸ் இத படிச்சிருங்க, ஆத்திரம் அடங்காமத்தான் டைப் பண்றேன். பல் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. ஹைப்போகுளோரைட் 3%, குளோர்ஹெக்சிடின் 2%, இடிடிஏ 17% மூணும் சேத்து காம்போ, 8,640 ரூபா முன்னாடியே கட்டணும். கட்டுறதுக்கு முன்ன போன் போட்டு, ஹைப்போ வெளிச்சத்துலயும் சூட்டுலயும் வீரியம் போயிருமே, எப்ப பேக் பண்ணதுன்னு கேட்டேன். அந்தாளு அவ்ளோ பொறுமையா, "மேடம், எங்க அக்காவும் டென்டிஸ்ட்தான், அவங்களுக்கு அனுப்புற அதே ஃப்ரெஷ் பேட்ச்தான் உங்களுக்கும்"னான். கூடப்பொறந்தவள சொல்லி ஒருத்தன் பேசினா யாருதான் நம்ப மாட்டாங்க?

வந்தது வெள்ளை பாட்டில், மூடிய தொறந்தா குளோரின் நெடியே இல்ல. பல்லுல இருந்து எடுத்த பல்ப், அதாவது பல்லுக்குள்ள இருக்குற சதை, அதோட துணுக்க ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு ஊத்துனேன், நல்ல ஹைப்போன்னா நுரைச்சு கரைச்சிரும், இதுல போட்டது போட்டபடி கெடக்குது. குளோர்ஹெக்சிடின் பாட்டில்ல ஸ்டிக்கர் ஓரம் தூக்கிட்டு இருந்துச்சு, நகத்தால உரிச்சா அடியில 0.2% மவுத்வாஷ்னு அச்சடிச்சிருக்கு!!

குளோர்ஹெக்சிடின் பல் சுவத்துல ஒட்டி நின்னு கிருமிய தடுக்கும், ஆனா செத்த திசுவ கரைக்காது, அதுக்கு ஹைப்போதான். இடிடிஏ, ஃபைல்னு சொல்ற சுரண்டுற ஊசி போட்ட தூள் படிவ எடுக்கும், கிருமிய கொல்ல அத நம்ப முடியாது. ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யாது. ஃபைல் தொடாத சந்துக்கெல்லாம் இந்த மருந்துதான் போகணும், அதுவே டம்மின்னா என்டரோகாக்கஸ் மாதிரி பிடிவாதமான கிருமி உள்ளயே தங்கிரும், வலியோட திரும்பி வர்ற பேஷன்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?

கேட்டா மொதல்ல "கூரியர்ல மாறிருக்கும்". அப்புறம் "சீல் ஒடச்சிட்டீங்க மேடம், ரிட்டர்ன் கெடையாது". சீல் ஒடைக்காம எப்படிய்யா மோந்து பாக்குறது? அப்புறம் "அக்கவுண்ட்ஸ் சார் லீவு". இப்ப ப்ளூ டிக் மட்டும் விழுது. 8,640 ரூபாங்க, எங்க அசிஸ்டென்ட் பொண்ணோட ஒரு மாச சம்பளம்.

எப்படி பாத்து வாங்கணும்னு வெவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. பேட்ச் நம்பர், தேதி போட்டோ வராம பணம் போடாதீங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் இருக்கான்னு தடவிப் பாருங்க. ஏமாந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நானும் புகார் குடுத்துட்டேன், 8,640 ரூபாய விடுறதா இல்ல.